ஆதிமூலத்தின் மகனை உன்னிடம் அனுப்புகிறேன்

செஞ்சி,
29-1-67, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மங்கைக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. அங்காளம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் நைனாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அதேபோல் நீயும் உன் ஹாஸ்டல் பெண்களும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று ஒரு கார்டாவது போடு. பொங்கலுக்கு நீ அனுப்பிய புடவை வந்து சேர்ந்தது. இந்த வயசில் உனக்கு இவ்வளவு பெரிய கரை எதுக்கு என்று உன் நைனா என்னைக் கிண்டல் செய்தார், நான் அதைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. பள்ளிக்கூடத்தில் நான் சமைக்கிற மதியச் சாப்பாட்டுக்கு அரிசி வருவது அநேகமாக நின்றுவிட்டது, கோதுமை ரவைதான் மூட்டை மூட்டையாக வருகிறது, அதைக் கிண்டிக் கிண்டி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது, பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கின்றன. எலெக்ஷன் வருகிறது அல்லவா, மைக் கட்டின கார்கள் போட்டி போட்டுக்கொண்டு கத்துவதில் ஆடு கூட ஒழுங்காகப் பால் கொடுக்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அடுப்பு மூட்டுகிற வேலை இல்லை, அதனால்தான் நாலு பக்கத்துக்குப் பேப்பர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் இருக்கட்டும். ஆதிமூலம் நம் வீட்டுக்கு வந்தான். ஆமாம், கடலை மில் ஆதிமூலம்தான். அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நீ படிக்கும்போது வேண்டுமானால் ர் போட்டுப் படித்துக்கொள். நம் தெருவுக்குள், நம் வாசலுக்கு, காலில் செருப்போடு கூட இல்லை, செருப்பைத் தெருமுனையில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாததில்லை, ஆனால் அதை எழுதாமல் எனக்கு மேலே ஓடாது, அடி வயிறு எரிந்தால்தான் எனக்கு எழுத்தே வருகிறது.

மூன்று வயசில் வந்த காய்ச்சல் உன் இடது காலைக் கொண்டு போனது. கழியை ஊன்றிக்கொண்டே நடந்து நடந்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாய், டைப்பும் கற்றுக்கொண்டாய். உன் நைனா ஆதிமூலம் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், அந்தத் தாட்சணியத்தில் வண்டிக்காரர்களுக்கு எடைச்சீட்டு எழுதுகிற வேலையை உனக்குக் கொடுத்தான். கொடுத்தவன் என்ன செய்தான்? காலையில் முதல் வண்டி வந்து, முதல் மூட்டை தராசில் ஏறி, போணி ஆகும் வரைக்கும் உன்னை யார் கண்ணிலும் படாமல் பின்னால் கோணிக் கிடங்கில் உட்கார வைத்தான். போணி ஆனதும் ஒருத்தன் வந்து கூப்பிடுவான், அப்புறம்தான் நீ வாசலுக்கு வரலாம். எலி ஓடுகிற கிடங்கில் தூசியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன் நைனா பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தத் தை மாசம், சீசன் ஆரம்பிக்கிற அன்றைக்கு, தாகம் தாங்காமல் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாய், அதே நேரத்தில் அனந்தபுரத்து வண்டி ஒன்று மில் வாசலில் அச்சு முறிந்து சாய்ந்தது. மூட்டை வெடித்துக் கடலை ரோடெல்லாம் சிதறியது. அந்த வண்டி எத்தனை வருஷத்துப் பழசு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஆதிமூலம் அத்தனை பேர் எதிரிலும், நொண்டி மூஞ்சில முழிச்சா அச்சு முறியாம இன்னா ஆவும் என்று கத்தினான். நீ நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். நீ உட்காருகிற முக்காலியைத் தூக்கிக் கடலைத் தோல் எரிகிற குழியில் போடச் சொன்னான். தூக்கிப் போட்டது அவன் மகன் தனசேகரன். நீ அது எரிவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாய். வந்து குழம்புக்குப் புளி கரைத்தாய். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும் மங்கை, நீ புளி கரைத்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் யூனியன் ஆபீசில் கேம்ப் போட்டார்கள், மெட்ராசிலிருந்து ராமகிருஷ்ணன் ஐயா வந்தார், கால் மடங்காமல் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பூட்டுக்கு அளவெடுத்தார், அங்கஹீனருக்கு வேலை தேடித் தருகிற ஆபீஸ் எங்களுடையது, இந்தப் பெண்ணை அனுப்புகிறீர்களா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. போனவள் பயிற்சி முடித்து அந்த ஆபீசிலேயே டைப்பிஸ்டாக உட்கார்ந்துவிட்டாய், இப்போது அவரோடு கம்பெனி கம்பெனியாகப் போய் முதலாளிகளிடம் பேசி ஆட்களைச் சேர்த்துவிடுகிறாய், என்னால முடியுது, இவங்களால முடியாதா என்று உன் பூட்டுக் காலை எதிரில் நீட்டி உட்கார்ந்து கேட்பாயாமே, ராமகிருஷ்ணன் ஐயா எழுதியிருந்தார். படித்துவிட்டு அன்றைக்கு ரவையில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பஸ் ஏறினவள் இந்த ஊர் மண்ணை மறுபடி மிதிக்கவில்லை. கூப்பிட்டால் வேலை என்கிறாய். உன்னைப் பார்க்க நாங்கள்தான் மெட்ராசுக்கு வர வேண்டியிருக்கிறது. வேலை இல்லை, அந்த மில் வாசலைத் தாண்டித்தான் பஸ் வரும், அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? ஆதிமூலம் உன் முக்காலியை மட்டுமா எரித்தான், என் பெண்ணை ஊரை விட்டே ஓட்டினான். அந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

போன கார்த்திகையில் மில்லில் பெல்ட்டு வழுக்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டுக்குப் பிடிப்பு வரக் குங்கிலியத் தூள் போட வேண்டும், வண்டிகள் காத்துக்கொண்டிருக்கின்றன என்று ஆதிமூலம் நிறுத்த விடவில்லை, ஓடுகிற பெல்ட்டுக்குத் தூள் போடப் போன தனசேகரன் சட்டைக் கை சிக்கி, வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து மார்கழியில் திரும்பினான். சேதி கேட்டபோது எனக்கு மனசு குளிர்ந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன். முக்காலியைத் தூக்கின கை அதுதானே என்று நினைத்தேன். அங்காளம்மன் கோயில் இருக்கிற மேல்மலையனூர் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். உன் நைனா பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். இப்போது அவர் எதிர் மில்லில், நூர் முகமது பாயிடம்தான் மூட்டை தூக்குகிறார், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் நடப்பது முழுக்கத் தெரியும். அவர் சொல்லித்தான் எனக்கு மீதிக் கதை தெரிந்தது. ஆதிமூலம் தன் மகனையும் போணி ஆகும் வரைக்கும் கோணிக் கிடங்கில்தான் உட்கார வைக்கிறானாம். பெற்ற பிள்ளையை! கை இல்லாதவன் வாசலில் நின்றால் கடலைக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்களாம், இளைய மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்களாம். தராசுப் பக்கம் இப்போது மூத்த மருமகன் உட்கார்ந்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை முருகையனை அனுப்பினான், அதுதான் அவன் மில்லில் எடுபிடி வேலை செய்கிறவன். மொதலாளி ஒன்ன மில்லாண்ட வரச் சொன்னாரு என்றான். நான் வரமாட்டேன், வேணும்னா ஒங்க மொதலாளிய வரச் சொல்லு என்று அனுப்பிவிட்டேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வந்து நிற்கிறான். நம் தெருக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. உன் நைனா பதறிப்போய் உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், நான் தேய்த்த குண்டானைத் தூக்கி அதன் மேல் கவிழ்த்தேன், தண்ணீர் வடியட்டும் என்று. எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்து, மறுபடி ஒரு தடவை தேய்த்து, கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் இன்னா சேதி என்று கேட்டேன். ஒரு காலத்தில் ஏய் அம்மாக்கண்ணு என்று ரோட்டின் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டவன், அன்றைக்கு, ஒங்க பொண்ணு மெட்ராஸ்ல பெரிய எடத்துல இருக்குதாமே, எம் புள்ளைக்கு அங்கியே ஒரு வேல பாத்துத் தரச் சொல்லுங்கம்மா என்றான். ங்க போட்டான், ம்மா போட்டான். அவனே மேலே பேசினான், அங்கியே ரூம் எடுத்துத் தந்துட்றேன், இந்தப் பக்கம் அவன் வரவே வாணாம், கண்ணு மறைவா இருந்தா அவனுக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது என்றான்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று அவன் வரவில்லை. பிள்ளையை ஒளித்து வைக்க இடம் தேடி வந்திருக்கிறான். கோணிக் கிடங்கு போதவில்லை, அதனால் மெட்ராசையே கிடங்காக்கப் பார்க்கிறான், அதற்கு உன்னைக் காவலுக்கு வைக்கப் பார்க்கிறான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, சரி எழுதுறேன், போங்க என்று மட்டும் சொன்னேன். மறுநாளே ஒரு மூட்டை கடலை வந்து இறங்கியது. திருப்பி அனுப்பிவிடு என்றார் உன் நைனா. எதற்கு அனுப்ப வேண்டும்? வறுத்து வைத்திருக்கிறேன், அதைத் தின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். நல்ல கடலை.

வியாழக்கிழமை ஜனவரி இருபத்தாறு, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். எல்லோரும் போனபின் நான் அடுப்படியில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தபோது தனசேகரன் வந்து நின்றான். துண்டைப் போட்டுக் கையை மறைத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். நான் அவனை வா என்று சொல்லவில்லை. அந்த முக்காலிய நான்தான் போட்டேன் என்றான். தெரியும் என்றேன். அப்பா சொன்னாருன்னு போட்டேன், ஆனா போட்டது நாந்தான், அக்காகிட்ட அத நேர்ல சொல்லணும் என்றான். சொல்லு, அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்க என்றேன். தலையை ஆட்டினான். அப்புறம் சொன்னான் பார், அதைத்தான் நான் நாலு நாளாக நினைத்து நினைத்து ரசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மெட்ராஸ்ல வேல வாணாம், அக்காகிட்ட சொல்லுங்க, எங்கப்பா கண்ணு எதிர்ல ஒரு வேல வேணும், தெனம் காலையில மொத மொதல்ல என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அவுரு மில்லத் தொறக்கணும் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஆதிமூலம் மேல் என்னைவிட அதிகமாக வயிறு எரிந்துகொண்டு ஒருத்தன் இந்த ஊரில் இருக்கிறான், அவன் ஆதிமூலம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்! அடுப்பில் மிச்சமிருந்த ரவையைப் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், இங்க யாரும் இல்ல, சாப்பிடு என்று சொல்லிவிட்டு நான் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாளே நூர் முகமது பாயைப் போய்ப் பார்த்தேன். அவருக்குத் தராசுக்கு ஆள் வேண்டும், இருந்தவன் எலெக்ஷன் வேலைக்குப் போய்விட்டான். தனசேகரனுக்குக் கடலையைக் கையில் எடுத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரியும், வண்டிக்காரர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். போணி பார்க்க மாட்டீர்களா என்று பாயைக் கேட்டேன், எனக்கும் போணி உண்டும்மா, ஆனா பிஸ்மில்லான்னு சொல்லி ஆரம்பிச்சா போதும், யாரு மூஞ்சின்னு பாக்க மாட்டேன் என்றார். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆதிமூலம் நாளைக்கு எம் புள்ளைய இழுத்துக்கினான்னு பஞ்சாயத்து வெக்கக் கூடாது, ஒங்க பொண்ணோட ஆபீசுலேர்ந்து அதிகாரி வந்து எடத்தப் பாத்து, அவங்க மூலமா அனுப்பினா நான் சேத்துக்கறேன் என்றார். நியாயம்தான். நீயும் சொல்லியிருக்கிறாய், ஆள் போகிற இடத்தை நேரில் பார்க்காமல், பெல்ட்டு எங்கே ஓடுகிறது படி எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல், உங்கள் ஆபீசில் யாரையும் வேலைக்கு அனுப்புவதில்லை என்று.

ஆகவே நான் சொல்வதைக் கவனமாகக் கேள். வருகிற வியாழக்கிழமை தனசேகரனை பஸ் ஏற்றி அனுப்புகிறான் ஆதிமூலம். புதுப் பெட்டி வாங்கியாகிவிட்டது, பஸ் சார்ஜ் முதல் ஹாஸ்டல் செலவு வரைக்கும் எல்லாம் அவனுடையது, தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிற மண்ணைத் தானே காசு கொடுத்து வாங்குகிறான், சந்தோஷமாக வாங்கட்டும். பையன் வந்ததும் நீ பெயரைப் பதிந்துகொள். அந்த முக்காலிப் பேச்சை நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், திட்ட வேண்டும் போல இருந்தால் திட்டு, பாதியில் நிறுத்தாதே. ஆனால் பதிவதை மட்டும் தள்ளிப் போடாதே. இடது கையால் எழுதவும், எடைக்கல் தூக்கி வைக்கவும் நன்றாகப் பழக்கு, செய்கிற வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லக் கூடாது, குறை சொன்னால் அது ஆதிமூலத்துக்கு ஜெயமாகிவிடும். மெட்ராஸ் கம்பெனி எதிலும் போட்டுவிடாதே. பையன் எவ்வளவு நல்லவன் என்றோ, அங்கே சம்பளம் கூட என்றோ ராமகிருஷ்ணன் ஐயா சொன்னாலும், அவன் கேட்டது இதுதான் என்று சொல்லிவிடு. சித்திரைக் கடலை வண்டிகள் வருவதற்குள் பாய் மில் தராசில் அவன் உட்கார வேண்டும். விடிந்து ஆதிமூலம் தன் மில் கதவைத் திறக்க வந்து திரும்பினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்காலி போட்டு, அவன் மகன். எந்த மருமகனை உட்கார வைத்தாலும் சரி, எத்தனை பூசணிக்காய் உடைத்தாலும் சரி. வண்டிக்காரர்கள் தனசேகரன் இருக்கிற பக்கம் திரும்புவார்கள், பாரேன். அவன் மூஞ்சியில் முழித்தே அவர்கள் கடலை நல்ல விலைக்குப் போகும். அன்றைக்கு ஆதிமூலம் எந்த இடத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பான் என்று நானும் பார்க்கிறேன்.

இடம் பார்க்க அதிகாரி வர வேண்டும் என்றேன் அல்லவா, நீதான் வர வேண்டும். ராமகிருஷ்ணன் ஐயாவோடு சேர்ந்து வா, அவருக்கு எலெக்ஷன் வேலை இருந்தால் தனியாக வா, ஆனால் வா. மாசி அமாவாசைக்குள் வந்தால் மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போகலாம், நான் வேண்டிக்கொண்டதை அம்மனுக்குச் செலுத்த வேண்டும். பாய் மில்லைப் பார்த்துவிட்டு, ரோட்டைத் தாண்டி ஆதிமூலம் மில்லுக்கும் போ. எல்லா முதலாளியிடமும் கேட்பது போல அவனிடமும் கேள், எங்க ஆபீசுல கை கால் குறைஞ்சவங்க நல்லா வேலை செய்யறாங்க, ஒங்க மில்லுல ஒரு ஆளச் சேத்துப்பீங்களா என்று கேள். வண்டிக்காரர்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கேள். அவன் என்ன பதில் சொன்னாலும் எனக்குத் திருப்திதான்.

உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த ஆளுக்குப் பட்டது போதாதா, மங்கையை மன்னிக்கச் சொல்லி எழுது என்கிறார். எழுதிவிட்டேன், அவர் சொன்னார் என்று. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், உனக்கு நடந்தது அது. நான் உன்னைப் பெற்றவள், எனக்கு அந்த இஷ்டம் இல்லை.

அங்காளம்மன் துணையால் நீ நூறு வயசு இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உன் வார்த்தை ஜெயிக்க வேண்டும். மழைத் தண்ணீர் பட்டால் கால் பூட்டைத் துடைத்து எண்ணெய் போடு, துரு பிடித்தால் தோல் உரியும். காலையில் டீயோடு ஓடாதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. வரும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகாதே. கண்டக்டரிடம் சொல்லி ஆதிமூலம் மில் வாசலிலேயே நிறுத்தச் சொல், நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கு. அவசரமே இல்லை, எல்லோரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்,
ப. அம்மாக்கண்ணு